ஏழாம் கட்டம்

“இவ்விடத்தில் குடியிருக்கும் காலம்” என்று கேட்கிறது படிவம்.
பதிலுக்கு ஒன்றரை அங்குலக் கோடு.
வீடமைப்புக் கந்தோரில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே
பேனையை உதறி உதறி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்று என்று எழுதலாம்.
அந்த வருஷம் புளூமெண்டல் சதுப்பில்
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
முதல் கம்பை ஊன்றியவர் தொபியாஸ்.
அது அமிழாமல் அணைத்துப் பிடித்தவள் பிரகாசி.
வீரபாண்டியன்பட்டணத்தில் தோணியேறி வந்தவர்கள்,
கல்யாணமாகி நாற்பது நாள்.

துறைமுகத்தில் அவருக்குக் கரி சுமக்கும் வேலை.
கூலி கொஞ்சம், சாம்பல் தாராளம்.
கப்பல்கள் எரித்துத் தள்ளியதைச்
சாக்கில் கட்டிக் கொண்டுவந்து
அந்திதோறும் தண்ணீருக்குள் கொட்டினார்கள்.
பொச்சுமட்டை, மரத்தூள், உடைந்த ஓடு,
சந்தையில் அழுகிய அன்னாசி,
ஒருமுறை செத்த மாடு.
எல்லாவற்றையும் விழுங்கி ஏப்பம் விட்டது சேறு.
மூன்றாம் வருஷம்தான்
ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நிலம் வந்தது.

அந்தப் பாயகல நாட்டில் பிள்ளைகள் ஏழு.
நின்றது நாலு.
மூத்தவள் மதலேனாள் பிறந்த இரவு
கட்டிலடியில் கபரகொய்யா ஒன்று படுத்திருந்ததாம்.
மருத்துவச்சியை வள்ளத்தில் ஏற்றி
தொபியாஸே தள்ளிக்கொண்டு வந்தாராம்,
வாயில் அரிக்கேன் விளக்கைக் கவ்வியபடி.
வாயில் எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை.
எங்கள் வீட்டில் இந்தக் கதைக்குக் குறுக்குக் கேள்வி கிடையாது.

நாற்பத்தேழின் வெள்ளத்தில் வீடு போனது.
அடுத்த வருஷம் நாடு போனது.
வெள்ளம் வடிய எட்டு நாள்.
மற்றது வடிய
ஐம்பத்தைந்து வருஷம்.

“யாருமில்லாத இடத்தை ஊராக்கினோம்”
என்றுதான் கல்யாண வீடுகளில் சொல்வார்கள்,
இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு, கொஞ்சம் உரக்க.
நானும் அப்படித்தான் எழுத வந்தேன்.
அத்தாட்சி தேடிய இடத்தில்,
ஞானஸ்நானச் சீட்டுகளுக்கும் கூப்பன் புத்தகத்துக்கும் நடுவே
நாலாக மடித்த ஒரு காகிதம்.
சிங்களத்தில் ஆறு வரி, கீழே பெருவிரல் ரேகை.
பக்கத்துக் கடை சுனேத்ரா அக்கா வாசித்துச் சொன்னாள்:
கோரை வெட்டிப் பாய் முடையும் ஹேந்திரிக் அப்பு,
குடிசையையும் கட்டுத்தறியையும் வள்ளத்தையும்
பதினொரு ரூபாய்க்கு விட்டுப் போகிறார்.
திகதி, எங்கள் முதல் கம்புக்கு ஆறு நாள் முந்தி.

வள்ளம் எங்கள் கதையில் எப்போதும் வரும்.
யாருடையது என்று வந்ததேயில்லை.
பதினொரு ரூபாய் அன்று பெரிய காசா, சின்னக் காசா?
கொடுத்தார்களா, கொடுப்பதாகச் சொன்னார்களா?
பாயை முதலில் விரித்தோமே,
அந்தப் பாய்?

மாடிக்கட்டடத்துக்கு அத்திவாரம் துளைத்தபோது
வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
முதலில் பொலித்தீனும் குப்பையும் வந்தன.
பிறகு சாம்பல், நீளத்துக்கும் சாம்பல்;
எங்கள் ஆட்களின் தோள் அது, எனக்குத் தெரியும்.
அதற்கும் கீழே
கறுத்து முறுக்கிய கோரைவேர்.
தலைக்கவசம் போட்ட பையன் அதைச்
சப்பாத்தால் ஒதுக்கிவிட்டு அளவு குறித்துக்கொண்டான்.

“சுருக்கமா எழுதுங்க தங்கச்சி,
கொம்பியூட்டர் நாலு இலக்கம்தான் எடுக்கும்.”

எழுதினேன்.
1921.
கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
பொடி எழுத்தில் அந்தப் பெயரையும்.

உத்தியோகத்தர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
“இது யார், குடும்பத்தில் ஆளா?”
நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.
“உங்களோட இருக்கிற ஆளென்றால்
அடையாள அட்டைப் பிரதி வேணும்,” என்றார்,
“ரெண்டு பக்கமும்.”